வெயில் ஊரில் வைட்டமின் பஞ்சம்

துபாய், ஷார்ஜா, தோஹா, மஸ்கட், குவைத் என்று வளைகுடாவில் வசிக்கும் தம்பி தங்கைகளே, மழைக்காகப் பள்ளிக்கு லீவு விட்ட நாட்களை எண்ணிச் சொல்லுங்கள் பார்ப்போம். ஒரு கை விரலே போதும், இல்லையா? மற்ற நாளெல்லாம் வெயில்தான். ஜூலை, ஆகஸ்டில் 45 டிகிரியைத் தாண்டும். பார்க்கிங்கில் நின்ற கார்க் கதவைத் தொட்டால் கை சுடும்.

சூரிய ஒளி பட்டால் நம் தோலே வைட்டமின் டி தயாரித்துக்கொள்ளும் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அப்படியானால் உலகத்திலேயே வைட்டமின் டி குறையாத ஊர்கள் வளைகுடா ஊர்களாகத்தானே இருக்க வேண்டும்?

ரத்தப் பரிசோதனை வேறு கதை சொல்கிறது. அபுதாபியில் எடுத்த 60,000-க்கும் மேற்பட்டோரின் முடிவுகளை ஆய்வாளர்கள் தொகுத்து 2016-இல் வெளியிட்டார்கள். பரிசோதிக்கப்பட்டவர்கள் 136 நாடுகளைச் சேர்ந்தவர்கள். நூறு பேரில் 80-க்கும் மேற்பட்டவர்களுக்கு வைட்டமின் டி போதிய அளவில் இல்லை. இவர்கள் மருத்துவமனைக்கு வந்து பரிசோதனை செய்துகொண்டவர்கள். அதனால் ஊர் முழுவதற்கும் இதே கணக்கு என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், வெயில் இத்தனை கொளுத்தும் நாட்டில் இவ்வளவு பேருக்குக் குறைவு என்றால், ஏன் என்று கேட்கத்தானே தோன்றும்?

வெயில் ஊரில் இருக்கிறது, தோலில் படவில்லை

உங்கள் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் ஃபிளாட் கதவைத் திறந்தால் லிஃப்ட். லிஃப்ட் இறங்கினால் பேஸ்மென்ட் பார்க்கிங், அல்லது வாசலிலேயே ஸ்கூல் பஸ். பஸ் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம். பள்ளியில் ஏசி வகுப்பு. வெயில் கடுமையான மாதங்களில் விளையாட்டு வகுப்பும் உள்ளரங்கில்தான். மதியம் அதே பஸ், அதே லிஃப்ட், பிறகு டியூஷன். சாயங்காலம் அப்பா அம்மாவோடு மால். இரவு எட்டு மணிக்குப் பூங்காவில் சைக்கிள். நாள் முழுக்க வெயில் ஊரில்தான் இருந்தீர்கள். ஆனால் வெயில் உங்கள் மேல் விழுந்தது சில நிமிடங்கள்தான்.

“எங்கள் வீட்டு ஹாலில் நன்றாக வெயில் வருமே, ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் போதாதா?” என்று ஒரு தங்கை கேட்கக்கூடும். போதாது. வைட்டமின் டி தயாரிக்க உதவுவது சூரிய ஒளியிலுள்ள புறஊதா பி என்ற கதிர். நம் கண்ணுக்கு அது தெரியாது. வெளிச்சமும் வெப்பமும் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிடும். புறஊதா பி கதிரைச் சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிடும். கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்தால் சுடும், வேர்க்கும், வைட்டமின் மட்டும் கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. நம் தோலுக்குப் பழுப்பு நிறம் தருவது மெலனின் என்ற நிறப்பொருள். புறஊதாக் கதிரால் தோல் பாழாகாமல் அது காக்கிறது. அப்படிக் காக்கும்போது வைட்டமின் தயாரிப்புக்கு வேண்டிய கதிரிலும் ஒரு பங்கைத் தடுத்துவிடுகிறது. அதனால் ஒரே அளவு வைட்டமின் தயாரிக்க, வெளுத்த தோலைவிட மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் கூடுதல் நேரம் வேண்டும். உடல் முழுவதும் மூடும் உடை, சன்ஸ்கிரீன், காற்றில் மிதக்கும் தூசு ஆகியவையும் கதிரைக் குறைக்கும்.

தோலில் தொடங்கி சிறுநீரகம் வரை

கதிர் தோலில் பட்டதும் என்ன நடக்கிறது? தோலில் கொலஸ்ட்ராலுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருள் எப்போதும் இருக்கிறது. புறஊதா பி கதிர் பட்டதும் அதன் மூலக்கூறில் ஒரு பிணைப்பு உடைகிறது. பிறகு உடம்புச் சூட்டிலேயே அது மெல்ல வடிவம் மாறி வைட்டமின் டி3 ஆகிறது.

இது இன்னும் வேலைக்குத் தயாராகவில்லை. ரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு மாற்றம். அடுத்துச் சிறுநீரகத்துக்குப் போகிறது. அங்கே இன்னொரு மாற்றம். இந்த இரண்டும் முடிந்த பிறகுதான் அது முழு வீரியம் பெறுகிறது. பிறகு சிறுகுடலுக்குப் போய், சாப்பாட்டிலுள்ள கால்சியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு போடுகிறது. இந்த உத்தரவு வராவிட்டால் நீங்கள் குடிக்கும் பாலிலும் லபானிலும் உள்ள கால்சியத்தின் பெரும்பகுதி உடம்பில் சேராமல் கழிவோடு போய்விடும்.

கொஞ்ச நேரத்துக்குமேல் வெயிலில் நின்றால் வைட்டமின் அளவுக்கு மீறிப் போய்விடுமா? போகாது. தேவைக்கு மேல் கதிர் பட்டால், பாதி தயாரான வைட்டமினைத் தோல் வேறு பயனற்ற பொருள்களாக மாற்றிவிடுகிறது. வெயிலால் தோல் கன்றிப்போகும், உடம்பு சூடேறும், மயக்கம் வரும். ஆனால் வெயிலால் மட்டும் வைட்டமின் டி நஞ்சாகிவிடாது.

செய்து பாருங்கள்: குச்சியும் நிழலும்

புறஊதா பி கதிர் எப்போது போதிய அளவில் வருகிறது என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். உங்கள் நிழலே போதும். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் நன்றாக வருகிறது. நிழல் நீள நீளக் கதிர் குறைகிறது. சூரியன் சாய்வாக இருக்கும்போது ஒளி காற்று மண்டலத்தில் அதிக தூரம் கடந்து வர வேண்டியிருக்கிறது. வழியில் ஓசோன் அந்தக் கதிரைப் பிடித்துக்கொள்கிறது.

100 சென்டிமீட்டர் நீளக் குச்சி ஒன்றை மொட்டை மாடியிலோ மைதானத்திலோ நேராக நிறுத்துங்கள். சூரியன் உச்சிக்கு வரும் நேரம் துபாயில் ஏறக்குறைய 12:20. கடிகாரம் பார்க்க மறந்தால் நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கைக் கவனியுங்கள். சூரியன் உச்சியைத் தாண்டியதும்தான் லுஹர் நேரம் தொடங்கும். நிழலை அளந்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

டிசம்பர் 21 வாக்கில் துபாயில் இந்தக் குச்சியின் உச்சிவேளை நிழல் சுமார் 113 சென்டிமீட்டர் இருக்கும். குவைத்தில் சுமார் 132. அதே நாளில் சென்னையில் இருக்கும் உங்கள் தாத்தாவை அளக்கச் சொல்லுங்கள். அவருக்கு வருவது சுமார் 74. ஜூன் 21-இல் துபாயில் நிழல் வெறும் 3 சென்டிமீட்டர். குச்சியின் காலடியிலேயே சுருண்டுவிடும். துபாய் கடகரேகைக்குச் சற்று வடக்கே இருப்பதுதான் காரணம்.

இந்த எண்கள் ஒரு சிக்கலைக் காட்டுகின்றன, கவனித்தீர்களா? கதிர் கொட்டும் ஜூன், ஜூலையில் வெளியே நிற்க முடியாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12:30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று ஐக்கிய அரபு அமீரகத்தில் சட்டமே இருக்கிறது. பெரியவர்களுக்கே அப்படி. வெளியே சுகமாக நிற்க முடிகிற டிசம்பர், ஜனவரியிலோ கதிர் குறைவு, அதுவும் நடுப்பகலில்தான் கொஞ்சம் வரும். இரண்டுக்கும் நடுவிலிருக்கும் மாதங்கள்தான் நமக்கு லாபம். மார்ச், அக்டோபர் மாதங்களில் காலை பத்து மணி வாக்கிலேயே உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாகிவிடும். ஜூனில் காலை ஒன்பது மணி வாக்கிலேயே குட்டையாகும். வீட்டுப் பக்கத்தில் திறந்தவெளி நீச்சல் குளம் இருந்தால் அந்த நேரத்தில் போகலாம்.

ஆறு மணி, ஏழு மணி இளவெயிலில் குழந்தையைக் காட்டினால் போதும் என்று பாட்டிமார் சொல்வதுண்டு. அந்த வெயில் இதமானது, ஆனால் அதில் புறஊதா பி மிகக் குறைவு. திருப்பதியில் மருத்துவர் ஹரிநாராயணும் அவரது குழுவினரும் தோலிலுள்ள அந்த மூலப்பொருளைக் குப்பிகளில் அடைத்து வெயிலில் வைத்து, எந்த நேரத்தில் மாற்றம் அதிகம் என்று அளந்தார்கள். பகல் 11 முதல் 2 வரைதான் மிக அதிகம் என்று தெரிந்தது. நம் ஊர்ப் பக்கமும் நேரம் முக்கியம்தான். அங்கேயும் பலருக்கு வைட்டமின் டி குறைவாக இருப்பதை அவர்களின் ஆய்வுகள் காட்டின.

எலும்பு என்ன செய்கிறது?

ஷார்ஜாவிலும் துபாயிலும் கட்டடம் எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் கம்பி கட்டுவார்கள், பிறகு காங்கிரீட் ஊற்றுவார்கள். எலும்பும் அப்படித்தான். கொலாஜன் என்ற புரத நார் கம்பி. கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த உப்பு காங்கிரீட். கம்பி வளைந்து கொடுக்கும், காங்கிரீட் பாரம் தாங்கும்.

உங்கள் நீண்ட எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தகடு என்று ஓர் இடம் இருக்கிறது. நீங்கள் வருஷா வருஷம் உயர்வது அங்கேதான். குருத்தெலும்பு செல்கள் அங்கே வரிசை வரிசையாகப் பெருகும். பின்வரிசை செல்கள் கால்சியம் படிந்து கடினமான எலும்பாகும். கால்சியம் வராவிட்டால் செல்கள் பெருகுவது நிற்காது, கடினமாவது மட்டும் நின்றுபோகும். மெத்தென்ற குருத்தெலும்பு அங்கே குவிந்து அந்த முனை தடித்துப்போகும். உடம்பின் பாரம் அழுத்தும்போது கால் எலும்பு வளையும். இந்த நோய்க்கு ரிக்கெட்ஸ் என்று பெயர்.

ரத்தத்திலும் கால்சியம் வேண்டும். தசை சுருங்கவும் இதயம் துடிக்கவும் அது தேவை. சாப்பாட்டிலிருந்து வரத்து குறைந்தால், கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் உடனே வேலையில் இறங்கும். எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் விடச் சொல்லும். உடம்பிலுள்ள கால்சியத்தில் சுமார் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. இதயம் நிற்கக் கூடாது என்று எலும்பு தன் கையிருப்பைக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. உங்கள் வகுப்பில் வைட்டமின் டி குறைந்த பலர் ஓடி ஆடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

அறிகுறிகள்: வயதுக்கு வயது வேறு

*கைக்குழந்தை.* உங்கள் வீட்டுக் குட்டித் தம்பியின் தலையில் உச்சிக்குழி இருக்கும். தொட்டால் மெத்தென்றிருக்கும். ஒன்று, ஒன்றரை வயதுக்குள் அது பெரும்பாலும் மூடிவிடும். வைட்டமின் டி மிகக் குறைந்தால் மூடத் தாமதமாகும். மண்டை ஓடு மென்மையாக இருக்கும். பல் முளைப்பது, உட்காருவது, தவழ்வது எல்லாம் தள்ளிப்போகும். மார்பில் விலா எலும்பும் குருத்தெலும்பும் சேரும் இடங்கள் வரிசையாகப் புடைத்துத் தெரியும். மருத்துவர்கள் இதை ரிக்கெட்ஸ் ஜெபமாலை என்பார்கள். ரத்தத்தில் கால்சியம் மிகவும் இறங்கினால் கைகால் விறைத்து வலிப்பே வரலாம். அப்போது ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

*நடை பழகும் வயது.* நடக்கத் தாமதமாகும். நடந்தாலும் வாத்து நடையாக இருபுறமும் அசைந்து நடக்கும். கால்கள் வில்லாக வெளிப்பக்கம் வளையலாம், அல்லது முட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கலாம். மணிக்கட்டைப் பாருங்கள். வளையல் போடும் இடத்துக்குச் சற்று மேலே எலும்பு இரண்டு பக்கமும் தடித்திருக்கும். கணுக்காலிலும் அப்படித்தான். நெற்றி சற்று முன்தள்ளித் தெரியலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வளைந்த கால் எல்லாம் நோய் இல்லை. இரண்டு வயது வரை பெரும்பாலான குழந்தைகளுக்குக் கால் கொஞ்சம் வில்லாகத்தான் இருக்கும். மூன்று, நான்கு வயதில் முட்டிகள் உள்ளே சாயும். ஏழு வயது வாக்கில் தானாக நேராகிவிடும். வளைவு நாளுக்கு நாள் கூடினால், ஒரு காலில் மட்டும் இருந்தால், அல்லது வயது போயும் நேராகாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

*பள்ளி வயது.* உங்கள் வயதில் அறிகுறிகள் சட்டென்று பிடிபடாது. கால், முதுகு எலும்புகளில் வலி. சீக்கிரம் களைப்பு. மாடிப்படி ஏறத் தொடையில் பலமில்லாமல் போவது. தரையில் உட்கார்ந்தவர் எழும்போது கையைத் தொடையில் ஊன்றி எழுவது. கெண்டைக்காலில் பிடிப்பு. கால்சியமும் இறங்கிவிட்டால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் சுரீர் சுரீர் என்று குறுகுறுப்பு. சாதாரணமாக விழுந்ததற்கே எலும்பு முறிவது.

விளையாடிவிட்டு வந்த இரவில் இரண்டு காலும் வலித்து, காலையில் வலி இருந்த இடமே தெரியாமல் போகிறதா? அது வளரும் வயதில் பலருக்கும் வருவதுதான். தினமும் வலித்தால், நொண்டினால், ஒரே இடத்தில் வலித்தால் அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த அறிகுறிகளுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். பட்டியலை வைத்துக்கொண்டு தம்பிக்கு நீங்களே வைத்தியம் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள்.

மருத்துவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

ரத்தப் பரிசோதனையில் பார்ப்பது, கல்லீரலில் முதல் மாற்றம் முடிந்து ரத்தத்தில் சுற்றும் வடிவத்தை. ரிப்போர்ட்டில் வைட்டமின் டி பெயருக்கு முன்னால் 25 என்று போட்டிருக்கும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் இருந்தால் குழந்தையின் எலும்புக்குப் போதும் என்றும், 12-க்குக் கீழே போனால் பற்றாக்குறை என்றும் 2016-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வகுத்தார்கள். சில ஆய்வகங்கள் 30-ஐ எல்லையாக வைத்திருக்கும். இன்னும் சில ஆய்வகங்கள் நானோமோல் என்ற அலகில் அச்சடிக்கும். நானோகிராம் எண்ணை 2.5-ஆல் பெருக்கினால் நானோமோல் வரும். ஒரு தாளில் 20 என்றும் இன்னொரு தாளில் 50 என்றும் இருந்தால் இரண்டும் ஒன்றே. எண்ணைப் பார்த்ததும் பயப்படுவதற்கு முன் அலகைப் பாருங்கள்.

எலும்பில் பாதிப்பு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் மணிக்கட்டில் எக்ஸ்ரே எடுப்பார்கள். நலமான எலும்பின் முனை எக்ஸ்ரேயில் தெளிவான கோடாகத் தெரியும். ரிக்கெட்ஸ் வந்த எலும்பின் முனை அகன்று, குழிந்து, ஓரம் பிசிறு பிசிறாகத் தெரியும். மருந்து கொடுத்துச் சில வாரங்களில் திரும்ப எடுத்தால், பிசிறு இருந்த இடத்தில் புதிதாக ஒரு வெள்ளைக் கோடு தெரியும். கால்சியம் படியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு கைக்கு ஒளி, இரு கைக்கும் குணம்

1919-இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். முதல் உலகப்போர் முடிந்து ஊரே பஞ்சத்தில் கிடந்தது. புகையும் மேகமும் மூடிய நகரத்தில் ஏராளமான குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ். அவர் நான்கு குழந்தைகளைப் பாதரச ஆவி விளக்கின் புறஊதா ஒளியில் சில வாரங்கள் வைத்துப் பார்த்தார். எலும்புகள் கடினமாகின.

அவர் செய்த இன்னொரு சோதனைதான் அருமை. ஒளியை ஒரு கையில் மட்டும் படவிட்டார். எக்ஸ்ரே எடுத்தபோது இரண்டு கை எலும்பும் குணமாகியிருந்தன. ஒளி நேரடியாக எலும்பைச் சரிசெய்திருந்தால் ஒளி பட்ட கை மட்டும்தானே குணமாக வேண்டும்? தோலில் ஏதோ ஒன்று உண்டாகி ரத்தத்தின் வழியே உடம்பு முழுக்கப் போகிறது என்று அவர் புரிந்துகொண்டார்.

அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ் வரவழைத்து, காட் மீனின் ஈரல் எண்ணெய் கொடுத்துக் குணமாக்கிக் காட்டினார். அந்த எண்ணெயிலுள்ள வைட்டமின் ஏ-தான் காரணமா என்று அமெரிக்காவில் எல்மர் மெக்காலம் சோதித்தார். எண்ணெயைச் சூடாக்கி அதனுள் காற்றைச் செலுத்தி வைட்டமின் ஏ-யை அழித்தார். அதன் பிறகும் அந்த எண்ணெய் ரிக்கெட்ஸைக் குணமாக்கியது. ஏ, பி, சி என்ற பெயர்கள் ஏற்கெனவே வைக்கப்பட்டுவிட்டதால், 1922-இல் புதியதற்கு டி என்று பெயர் வைத்தார்.

அல் ஐனில் பிறந்த பாப்பாக்கள்

பெர்லினிலாவது வெயில் குறைவு. பேரீச்சந்தோப்புகள் நிறைந்த அமீரக நகரமான அல் ஐனில்? அங்குள்ள பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் அடெகுன்லே தாவோடுவும் அவரது குழுவினரும், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளையும் அவர்களின் தாய்மார்களையும் கோடைக் காலத்தில் பரிசோதித்தார்கள். ஆய்வு 2003-இல் வெளிவந்தது. பெரும்பாலான தாய்மாருக்கும் அவர்களைவிட அதிக விகிதத்தில் குழந்தைகளுக்கும் வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்தது. ரிக்கெட்ஸ் வந்த பிள்ளைகளின் தாய்மாரிடமும் குறைபாடு அதிகம் என்று 2005-இல் வெளியான அவர்களின் இன்னோர் ஆய்வு காட்டியது.

இதில் அம்மாவின் தவறு எதுவும் இல்லை. வெளியே அனல் அடிக்கிறது, அம்மா கைக்குழந்தையோடு ஃபிளாட்டுக்குள் இருக்கிறார், வெளியே போனாலும் முழுக்க மூடிய உடை. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு வைட்டமின் டி அம்மாவின் ரத்தத்திலிருந்துதான் வர வேண்டும். அம்மாவிடமே இல்லையென்றால் பாப்பா காலி இருப்போடுதான் பிறக்கும். தாய்ப்பாலுக்கு ஈடு கிடையாது. ஆனால் அதில் வைட்டமின் டி மட்டும் கொஞ்சம்தான் இருக்கும். அதனால்தான் பிறந்த குழந்தைக்குத் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். உங்கள் வீட்டுப் பாப்பாவுக்குக் கொடுக்கும் அந்தச் சின்ன பாட்டிலின் வேலை இதுதான். அம்மா மறந்தால் ஞாபகப்படுத்தும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். சொட்டின் கணக்கு மட்டும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

தட்டிலும் பாட்டிலிலும்

வைட்டமின் டி இயற்கையாக உள்ள உணவுகள் குறைவு. மத்தி, கானாங்கெளுத்தி, சூரை முதலிய எண்ணெய்ப்பசை உள்ள மீன்களில் நிறைய உண்டு. மத்தியை மீன் மார்க்கெட்டில் வாங்கலாம். ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட் இருக்கும். மீன், முட்டை சாப்பிடாத வீடுகளில் வைட்டமின் சேர்த்த பால், தயிர், காலை உணவுச் சீரியல் ஆகியவை உதவும். காளானை நறுக்கிக் கொஞ்ச நேரம் நடுப்பகல் வெயிலில் வைத்துவிட்டுச் சமைத்தால் அதில் வைட்டமின் டி2 உண்டாகியிருக்கும். காளானுக்கும் நம் தோலுக்கும் இந்த ஒரு வித்தை பொது!

கடைகளில் விற்கும் டி3 மாத்திரை பெரும்பாலும் எதிலிருந்து வருகிறது தெரியுமா? செம்மறி ஆட்டு ரோமத்திலிருந்து. ரோமத்தில் ஒட்டியிருக்கும் கொழுப்பைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து கிடைக்கும் பொருளின் மேல் புறஊதா ஒளியைப் பாய்ச்சி டி3 தயாரிக்கிறார்கள். உங்கள் தோல் செய்வதைத் தொழிற்சாலையில் செய்கிறார்கள்.

மாத்திரையில்தான் ஆபத்தும் இருக்கிறது. வளைகுடாவில் பல வீடுகளில் ஃபிரிட்ஜ் மேல் ஒரு மாத்திரை அட்டை கிடக்கும். மருத்துவர் சொன்னபடி பெரியவர்கள் வாரம் ஒன்று விழுங்கும் 50,000 யூனிட் மாத்திரை அது. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 600 யூனிட்தான். 50,000-ஐ 600-ஆல் வகுத்துப் பாருங்கள். உங்களுக்கு 83 நாளைக்கு வேண்டியது அந்த ஒரே மாத்திரையில் இருக்கிறது! சாக்லேட் நிறத்தில் இருக்கிறதே என்று தொடவே கூடாது. மாத்திரையை மிதமிஞ்சி விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் எகிறும். வாந்தி, தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், சிறுநீரகத்தில் கல் என்று வேறு நோய் வந்து சேரும். மருத்துவரே பிள்ளைகளுக்கு அதிக வீரியமுள்ள மருந்து கொடுப்பதுண்டு. அது ரத்தப் பரிசோதனை பார்த்து, எடை பார்த்து, நாள் குறித்துக் கொடுப்பது.

இந்த வருஷத்துக்கான திட்டம்

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை விடுமுறை நாட்களில், நிழல் குட்டையாக இருக்கும் நேரம் பார்த்து வெளியே விளையாடுங்கள். டிசம்பர், ஜனவரியில் நடுப்பகலில் போங்கள். முகமும் கையும் காலும் வெயிலில் படட்டும். பதினைந்து நிமிடம், அரை மணி நேரம் என்று கொஞ்சம் கொஞ்சமாக. தோல் சிவந்து எரியும் வரை நிற்க வேண்டியதில்லை. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் இருக்கட்டும். சேர்த்த வைட்டமினில் ஒரு பகுதியை உடம்பு கொழுப்பில் வைத்துக்கொண்டு சில வாரங்கள் செலவழிக்கும். மே முதல் செப்டம்பர் வரை நடுப்பகல் வெயிலில் இறங்க வேண்டாம். அந்த மாதங்களில் மீன், முட்டை, பால், மருத்துவர் எழுதித் தந்த மருந்து ஆகியவற்றை நம்புங்கள். ஜூலை விடுமுறையில் ஊருக்குப் போனால் ஃபோனை வைத்துவிட்டுத் தெருவில் கிரிக்கெட் ஆடுங்கள். ஓடுவதும் குதிப்பதும் எலும்புக்குத் தனியாகப் பலம் தரும்.

கணக்குப் போடுங்கள்

வீட்டிலுள்ள பால் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்க அட்டவணையில் வைட்டமின் டி எவ்வளவு என்று பாருங்கள். சில பாக்கெட்டுகளில் மைக்ரோகிராமில் இருக்கும். 1 மைக்ரோகிராம் என்பது 40 யூனிட். ஒரு பாக்கெட்டில் 100 மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு நாளில் 250 மில்லிலிட்டர் டம்ளரில் இரண்டு டம்ளர் பாலும் ஒரு முட்டையும் சாப்பிடுகிறீர்கள். 600 யூனிட்டுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி?

விடை: பாலில் 5 மைக்ரோகிராம், அதாவது 200 யூனிட். முட்டையில் 40. மொத்தம் 240. பாக்கி 360 யூனிட். உங்கள் வீட்டுப் பாக்கெட்டிலுள்ள எண்ணை வைத்து இதே கணக்கை மறுபடி போட்டு, பாக்கி எவ்வளவு என்று அம்மா அப்பாவிடம் காட்டுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.